அம்மாவுக்கு வராத அழுகை

கேள்வி: எனக்கு 47 வயது. மதுரை திருநகரில் இருக்கிறேன். வீட்டுக்கு மூத்த பிள்ளை. எட்டு மாதத்துக்கு முன் அம்மா இறந்துபோனார். கேதத்தன்று பந்தல், ஐஸ் பெட்டி, கொட்டுக்காரர், தத்தனேரி மயானத்தில் நேரம் சொல்லிவைப்பது என்று எல்லாவற்றுக்கும் நான்தான் ஓடினேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. போன மாதம் என் மகள், அவள் கல்லூரிப் பாடகர் குழுவில் பழகுகிற பாட்டு என்று மேற்கத்திய இசைமேதை மொசார்ட்டின் ‘ரெக்வியம்’ என்ற இரங்கல் இசையைப் போட்டுக் காட்டினாள். ‘லாக்ரிமோசா’ என்ற பகுதி வந்ததும் விம்மி அழுதுவிட்டேன். அன்றிலிருந்து தினமும் இரவிலும், காரில் போகும்போதும் அதையே கேட்டு அழுகிறேன். மனைவி பயப்படுகிறாள். தம்பி, “சாவுப் பாட்டை வீட்டில் போடாதே, விளங்காது” என்கிறான். நான் மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவன். புரியாத பாஷையில், வேறு மதத்தார் பாட்டுக்கு அழுகிற நான் பெற்ற தாய்க்கு அழவில்லையே. எனக்கு ஏதாவது கோளாறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை. பெற்ற தாய்க்குத்தான் அழுகிறீர்கள். எட்டு மாதம் தள்ளி வருகிறது, அவ்வளவுதான்.

கேத வீட்டில் மூத்த மகனை யார் அழ விடுகிறார்கள்? நீர்மாலைக்கு யார் யார் போவது, கோடித் துணி வந்ததா, வெளியூர் ஆட்கள் வந்து சேரும்வரை எடுக்காமல் வைக்கலாமா, வண்டிக்கு எவ்வளவு கொடுப்பது என்று எல்லாக் கேள்வியும் அவனிடம்தான் வரும். அவன் உட்கார்ந்துவிட்டால் காரியம் நின்றுபோகும். பதினாறு முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பும்போதும் கணக்கு பார்க்கிறவன் அவன்தான். அதற்கப்புறம் அழலாம் என்றால் ஆபீஸ் கூப்பிடும். உங்கள் துக்கம் எங்கேயும் போய்விடவில்லை. அதற்கு உட்கார இடம் கிடைக்கவில்லை.

அந்த இடத்தை ஏன் அந்தப் பாட்டு கொடுத்தது என்பதற்கு வருகிறேன். லாக்ரிமோசாவை இன்னொரு தரம் கவனித்துக் கேளுங்கள். முதலில் வயலின்கள் விட்டு விட்டுத் தேம்புகின்றன. பிறகு குரல்கள் சேர்கின்றன. கொஞ்ச நேரத்தில் சொற்கள் துண்டு துண்டாகிவிடுகின்றன. ஒரு துண்டு, சின்ன இடைவெளி, அடுத்த துண்டு ஒரு படி மேலே. இப்படியே ஏறி, சத்தமும் கூடிக்கொண்டே போய் ஓர் உச்சியில் திறந்துகொள்கிறது. மனிதனுக்குத் தொண்டையில் அழுகை ஏறுவதும் இந்த வரிசையில்தான். எந்த இடத்தில் உடைந்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த ஏற்றத்தில்தான் இருக்கும் என்பது என் ஊகம். இந்தப் பகுதியில் மொசார்ட் தன் கையால் எழுதியது ஏறக்குறைய அந்த இடம் வரைக்கும்தான். லாக்ரிமோசாவில் எட்டு பார், அதாவது எட்டுத் தாளக்கட்டு, எழுதி நிறுத்தியவர், 1791 டிசம்பர் 5ஆம் தேதி வியன்னாவில் இறந்துபோனார். வயது 35. மிச்சத்தை எழுதி முடித்தவர் அவருக்கு உதவியாளராக இருந்த சூஸ்மையர்.

இந்த இசையில் என்னை எப்போதும் அசைப்பது இன்னொன்று. அது ஒருவர் பாடுவது இல்லை, கூட்டமாகப் பாடுவது. பாடகர் குழுவில் நீண்ட சுரம் ஒன்றைப் பிடிக்க வேண்டியிருந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்கள். பக்கத்தில் நிற்பவர் பாடிக்கொண்டிருக்கும்போது நீங்கள் சத்தமில்லாமல் விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி சேர்ந்துகொள்ளலாம். கேட்கிறவருக்கு இழை அறுந்ததே தெரியாது. உங்கள் மகளைக் கேளுங்கள், செய்தே காட்டுவாள். ஒருவருக்குக் குரல் உடைந்தாலும் பாட்டு நிற்காது. நீங்கள் நின்றால் எல்லாம் நின்றுபோகும் என்கிற நிலையில் அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தீர்கள். இங்கே நீங்கள் நிற்கலாம், மற்றவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். அது காது வழியாகப் போய் உடம்புக்குப் புரிந்திருக்கிறது. லத்தீன் தெரியவேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

அம்மாவைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் செய்ததும் இதையேதான். தோளோடு தோள் கட்டிக்கொண்டு, ஒருத்தி எடுத்துக் கொடுக்க, அவளுக்குத் தொண்டை அடைத்தால் அடுத்தவள் அந்த ராகத்தைத் தாங்கிக்கொள்ள, மற்றவர்கள் வரியின் கடைசியில் சேர்ந்து இழுக்க, ஒப்பாரியில் யாரும் தனியாக அழுவதில்லை. நம் ஊரில் ஆண்களுக்கு அந்த வட்டத்தில் இடமில்லை, தெருவில் நாற்காலிதான். இதை நான் பெரிய அநியாயமாகவே நினைக்கிறேன்.

மதம் பற்றிக் கேட்டீர்கள். ரெக்வியம் என்பது இறந்தவர்களுக்காகக் கத்தோலிக்கர் நிறைவேற்றும் திருப்பலிக்கான இசை. அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவ வீட்டுக் கேதத்துக்குப் போயிருந்தால் ‘நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும்’ என்று செபம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மொசார்ட்டின் ரெக்வியம் தொடங்குவதே அந்த வேண்டுதலில்தான். போன உயிர் அமைதியாக இருக்கட்டும் என்று கேட்க யாருக்கு மனசு வராது? சைவ வீடுகளில் உடலின் பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகம் படிக்கிறார்கள். அதைப் பாடிய மாணிக்கவாசகர் பிறந்தது மேலூர்ப் பக்கம் திருவாதவூரில். இரண்டுமே சாவின் முன்னால் மனிதர்கள் சேர்ந்து குரல் எழுப்புவதுதான். நீங்கள் தினமும் கும்பிடுகிற மீனாட்சியும் அம்மாதான். ஒரு பிள்ளை தாயை நினைத்து எந்தப் பாட்டில் அழுதான் என்று அவள் கணக்குப் பார்க்கமாட்டாள்.

லாக்ரிமோசாவையே திரும்பத் திரும்பப் போடாதீர்கள். அது அழுகையைக் கிளப்பும், ஆனால் மூன்று நிமிடத்தில் உங்களை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடும். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் எழுதிய ‘ஜெர்மன் ரெக்வியம்’ கேளுங்கள். தாயார் 1865இல் இறந்தபின் அவர் இதில் தீவிரமாக இறங்கினார். 1868 புனித வெள்ளியன்று பிரெமன் நகரப் பேராலயத்தில் அவரே நடத்தி அரங்கேற்றினார். திருப்பலியின் லத்தீனை விட்டுவிட்டு வேதாகமத்திலிருந்து தானே வசனங்களைத் தேர்ந்தெடுத்தார். செத்தவருக்காக வேண்டுவதற்கு முன்னால், இருக்கிறவரைப் பார்த்துப் பேசுகிறது அது. ‘துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்’ என்பதுதான் முதல் வசனம். அந்த முதல் பகுதி முழுக்க வயலின்களே கிடையாது, கீழ்க்குரல் வாத்தியங்கள்தான் தாங்குகின்றன. இரண்டாம் பகுதியில் முரசு ஒரே சீராக அடிக்க, மாம்சமெல்லாம் புல்லைப் போல என்று குழு முழுவதும் ஒரே சுரத்தில் தாழ்ந்து பாடுகிறது. பாடை தூக்கிப் போகிற நடை அதில் அப்படியே இருக்கிறது. அரங்கேற்றத்துக்குப் பிறகு அவர் இன்னொரு பகுதி சேர்த்தார், இப்போது அது ஐந்தாவது. ஒரு பெண்குரல் தனியாக மேலே நிற்க, குழு அடியில் மெதுவாகச் சொல்கிறது: ‘ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்.’ அந்த இடத்துக்குக் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் கேட்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சரியாக இருக்கும்.

நேரில் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது. மகளின் குழு பாடும் அன்று கட்டாயம் போங்கள். புனித வெள்ளியன்று மதியம் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் மும்மணி நேர ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு இடையில் நான்கு குரலில் பாடுவார்கள். பின்வரிசையில் போய் உட்காருங்கள்.

மனைவிக்கு வருவோம். அவர் பயப்படுவது பாட்டைப் பார்த்து இல்லை, உங்களைப் பார்த்து. இருட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அழுகிற புருஷனைப் பார்த்தால் யாருக்கும் பயம்தான் வரும். பக்கத்தில் உட்காரவைத்து, இது அம்மாவுக்காக என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவரையும் கேட்கவிடுங்கள். தம்பியிடம் வாதம் வேண்டாம். அவருக்கும் அம்மாதானே போனார். வீட்டில் அந்தச் சத்தத்தை அவர் தாங்கமுடியாமல் இருக்கலாம், அதைத்தான் ‘விளங்காது’ என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வருகிற நேரத்தில் போடாமல் இருந்தால் போதும்.

காரில் கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கமாட்டேன். கண் நிறைந்திருக்கும்போது திருப்பரங்குன்றம் ரோட்டில் எதிரே வருகிற பஸ் தெரியாது. அப்புறம், தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், வேலையில் மனம் ஒட்டாமல், வாழ்ந்து என்ன என்கிற மாதிரி எண்ணம் தலைகாட்டினால் பாட்டை நம்பி இருக்காதீர்கள். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இன்னும் நான்கு மாதத்தில் வருஷத் திதி வரும். அன்றைக்குச் சமையல்காரர், ஐயர், வாழை இலை எல்லாவற்றையும் தம்பியிடம் ஒப்படையுங்கள், மனசாரச் செய்வார். அம்மாவுடன் பிறந்தவர்களோ நாத்தனார்களோ ஒப்பாரி தெரிந்தவர்கள் இருந்தால், அம்மாவைப் பற்றிப் பாடச் சொல்லுங்கள். பெண்கள் இடம் என்று ஒதுங்கிப் போகாமல் அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொள்ளுங்கள். யாராவது வந்து கணக்குக் கேட்டால் தம்பியைக் கைகாட்டுங்கள்.