முக்கால் மீற்றரில் ஒரு சட்டை: தையல் மாமி பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெயிலைப் பற்றியவை. குறை சொல்ல முடியாது. ஏப்ரல் முதல் வாரம் கழியும்போது சூரியன் கொழும்புக்கு நேர் மேலே வந்துவிடும். நடுப்பகலில் எங்கள் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியின் நிழல் அதன் காலடியிலேயே விழும். வருடம் முழுக்க வியர்க்கிற ஊர்தான் இது, ஆனாலும் மார்ச்சும் ஏப்ரலும் கொஞ்சம் அதிகம். ஆகவே சேலை பிளவுஸ் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டேன். அலுமாரிக்குள் கிடக்கும் மிச்சத் துணியில் என்ன தைக்கலாம் என்று கேட்டவர்களுக்குத்தான் இம்முறை பதில்.

கேள்வி: மாமி, வருடப்பிறப்புக்கு எனக்குச் சுரிதார் தைக்க எடுத்த பூப்போட்ட மெல்லிய வொயில் துணியில் முக்கால் மீற்றர் மிஞ்சிவிட்டது. அகலம் 44 அங்குலம். மகளுக்கு நான்கு வயது, கழுத்திலும் முதுகிலும் ஒரே வேர்க்குரு. அவளுக்கு ஏதாவது தைக்கலாமா? பெட்டர்ன் வைத்து வெட்டத் தெரியாது. துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லொக் மெஷினும் வீட்டில் இல்லை.
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தாராளமாகத் தைக்கலாம். பெட்டர்ன் தேவையில்லை, அளவு நாடாவும் சோக்குக் கட்டியும் போதும். தலையணை உறைச் சட்டை என்று நாங்கள் சொல்லும் சட்டை ஒன்று இருக்கிறது. இரண்டு நீள்சதுரம், மேலே நாடா, அவ்வளவுதான்.

துணியைத் தோய்த்துக் காயவைத்து, அயர்ன் பண்ணித் தரையில் விரியுங்கள். மேசை வேண்டாம், மேசையில் விரித்தால் துணி தொங்கி அளவு பிழைக்கும். 18 அங்குல அகலம், 23 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். அகலத்தில் 36 அங்குலம் இதற்குப் போக, பக்கத்தில் 8 அங்குலத் துண்டு ஒன்று நிற்கும். கீழே ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே முழு அகலமும் நிற்கும். இரண்டையும் எறியாதீர்கள், வேலை இருக்கிறது.

இரண்டு துண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நீளவாக்கில் மடியுங்கள். திறந்த பக்கத்து மேல் மூலையில் குறுக்கே 2 அங்குலம், கீழே 5 அங்குலம் அடையாளம் வைத்து, வளைத்து வெட்டினால் கைக்குழி வந்துவிடும். கத்தரிக்கோல் வைக்கும்போது கை நடுங்கும். முதல் சட்டைக்கு எனக்கும் நடுங்கியது.

பக்கத் தையலை ஓவர்லொக் இல்லாமல் தைக்கும் வழிதான் முக்கியம், ஏனென்றால் வொயில் நூல் நூலாகப் பிரியும். துணியின் உட்பக்கம் உட்பக்கத்தைப் பார்க்க வைத்து, அதாவது வழக்கத்துக்கு மாறாக, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். மிஞ்சும் ஓரத்தைப் பாதியாக நறுக்கி, துணியைத் திருப்பி, மடிப்பை விரலால் நன்றாக நீவி, மறுபடி கால் அங்குலம் விட்டுத் தையுங்கள். பிரிந்த நூலெல்லாம் இரண்டு தையலுக்கு நடுவே சிறைப்பட்டுவிடும். பிரெஞ்சுத் தையல் என்பது இதைத்தான். உங்கள் மகளுக்கு இது இன்னொரு காரணத்துக்காகவும் நல்லது. ஓவர்லொக் நூல் வேர்க்குருவில் உரசினால் பிள்ளை இரவு முழுக்கச் சொறியும். இந்தத் தையலில் உள்ளே உரசுவதற்கு ஒன்றும் இல்லை.

கைக்குழிக்குப் பட்டி வைக்க, பக்கத்தில் நின்ற 8 அங்குலத் துண்டை கிராஸாக, மூலைக்கு மூலை சாய்த்து, ஒன்றரை அங்குல அகலத்தில் வெட்டுங்கள். நேராக வெட்டினால் வளைவில் சுருங்கி நிற்கும். கிராஸ் துணி இழுபடும், வளைவோடு வளையும். நீளம் காணாவிட்டால் இரண்டை ஒட்டலாம். பிறகு மேல் விளிம்பை முதலில் கால் அங்குலமும் அடுத்து ஒரு அங்குலமும் மடித்துத் தைத்தால் நாடா போகும் குழாய் தயார். கீழே நின்ற துணியில் 2 அங்குல அகல நாடா இரண்டு வெட்டித் தைத்து, முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று கோத்து, இரு தோளிலும் முடிச்சுப் போடுங்கள். நாடாவின் நுனி நீளமாகத் தொங்கக் கூடாது. தோளில் ஒரு பூ முடிச்சுக்கு வேண்டியதை விட்டு மிச்சத்தை நறுக்குங்கள். பிள்ளை படுக்கும்போது சட்டையைக் கழற்றிவிடுங்கள்.

‘நாடா எதற்கு, இலாஸ்டிக் போடலாமே’ என்று யாராவது சொல்வார்கள். கழுத்தில் இலாஸ்டிக் வேண்டாம். வியர்வை அதற்குள் தேங்கி, தோல் சிவந்து வரிவரியாக நிற்கும். என் பேத்தியின் கழுத்தில் பார்த்த பிறகு நான் கழுத்துக்கு இலாஸ்டிக் போடுவதை விட்டுவிட்டேன்.

கேள்வி: வீட்டில் பல துண்டுகள் சேர்ந்துவிட்டன. தம்பியின் வெள்ளைச் சீருடைத் துணி, அப்பாவுக்கு எடுத்த மருதமுனைக் கைத்தறியில் மிச்சம், இன்னும் சில. எல்லாவற்றையும் இணைத்து எனக்கொரு நீளப் பாவாடை தைக்க ஆசை. பஸ்ஸில் வேலைக்குப் போகிறவள், வியர்க்காமல் இருக்க வேண்டும். எப்படி இணைப்பது?
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: பிள்ளை, இணைப்பதை நாளைக்குப் பார்ப்போம். நான் செய்த பிழையை முதலில் கேளுங்கள்.

அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியது 1993இல். அதற்கடுத்த வருடமே என் அலுமாரியில் வெள்ளைத் துண்டுகள் குவிந்துவிட்டன. தங்கச்சியின் மகளுக்கு வருடப்பிறப்புக்கு அந்த வெள்ளையில் ஒரு சட்டை தைத்து, அடியில் சிவப்புக் கைத்தறியில் நாலு விரல் கரை வைத்தேன். கோயிலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த நாள் தங்கச்சி அதைத் தோய்த்துக் காயப்போட்டாள். வெள்ளையெல்லாம் றோசா! அதுவும் ஒரே றோசா இல்லை, தேமல் மாதிரித் திட்டுத் திட்டாக. சாயம் போதாதென்று கைத்தறி சுருங்கியும்விட்டது, வெள்ளை சுருங்கவில்லை. அடிக்கரை இழுத்துப் பிடித்துச் சட்டை குடை மாதிரி உள்ளே மடிந்து நின்றது. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சட்டையைப் பிறகு எங்கும் காணவும் இல்லை.

ஆகவே துண்டுகளை ஒவ்வொன்றாக, தனித்தனியாக, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்து அயர்ன் பண்ணுங்கள். சுருங்குவது தைப்பதற்கு முன்னமே சுருங்கட்டும். சாயத்துக்கு இன்னொரு பரீட்சை: வெள்ளைப் பருத்தித் துண்டொன்றை நனைத்து, நிறத்துணி மேல் வைத்துச் சூடான அயர்னால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி வெள்ளைக்குப் பக்கத்தில் வரக்கூடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று என் அம்மாவும் சொல்வார். சாயம் காய்ச்சும்போது நூலுக்குள் சாயம் ஏறத்தான் உப்பு உதவும். சாயமிட்டு முடித்து விற்ற துணியில் அது ஒன்றையும் பிடித்து வைக்காது.

அடுத்தது வியர்வை. எது பருத்தி, எது பொலியெஸ்டர் என்று தெரியாத துண்டுகளின் ஓரத்திலிருந்து நாலு நூல் உருவி, குசினியில் சின்ன இடுக்கியால் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். பருத்தி கடதாசி மாதிரி எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பு மணி போல இறுகும். உருகியதை விரலால் தொடாதீர்கள், ஒட்டிக்கொண்டு சுடும். சீருடைத் துணியில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும். அதைப் பாவாடையின் அடிக்கரைக்கோ பொக்கெட்டுக்கோ வையுங்கள். இடுப்பைச் சுற்றியும் சீட்டில் இருக்கும்போது அழுந்தும் இடத்திலும் கைத்தறியோ வேறு நல்ல பருத்தியோ வரட்டும். கொழும்புக் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை லேசில் காயாது. அதனால் இறுக்கமான வெட்டு வேண்டாம், சுருக்கு வைத்த பாவாடையே நல்லது. லைனிங் போட வேண்டிய அளவுக்குத் துணி மெல்லிசாக இருந்தால், வழுக்கும் லைனிங் துணி வாங்காமல் அப்பாவின் பழைய வேட்டியைக் கேளுங்கள். தோய்த்துத் தோய்த்து மெத்தென்று ஆன பழைய வேட்டிக்கு ஈடான லைனிங்கை நான் எந்தக் கடையிலும் கண்டதில்லை.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆள். மனைவியின் மெஷின் சும்மா கிடக்கிறது. பழைய சாரத்தில் எனக்கு வீட்டில் போட ஒரு அரைக் காற்சட்டை தைக்கலாமா? சிரிக்காதீர்கள்.
– தெகிவளை வாசகர்

பதில்: ஏன் ஐயா சிரிக்க வேண்டும்? கொழும்பில் தையற்கடை வைத்திருப்பவர்களில் எத்தனையோ பேர் ஆண்கள்தானே. சாரத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சாரத்துக்கு முன் பின் கிடையாது, எந்த இடம் தேய்ந்தது என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. வெளிச்சம் அதிகம் வரும் இடத்தை விட்டு வெட்டுங்கள். உங்களுக்கு வசதியாக இருக்கும் பழைய காற்சட்டை ஒன்றை ஒரு கால் மேல் மற்றக் கால் வர மடித்துத் துணி மேல் வைத்து, சுற்றிவர முக்கால் அங்குலம் கூட்டி வரைந்தால் போதும். மேலே இலாஸ்டிக் நுழைக்க ஒன்றரை அங்குலம் கூடுதலாக விடுங்கள். இலாஸ்டிக் உங்கள் இடுப்பளவைவிட 2 அங்குலம் குறைவாக இருக்கட்டும். கவட்டுத் தையலை இரண்டு தரம் தையுங்கள். இல்லாவிட்டால் குனியும்போது சத்தம் கேட்கும், அப்போது நான் சிரிப்பேன்.

கேள்வி: என்னிடம் மிச்சத் துணியே இல்லை. துண்டுகள் மலிவாக எங்கே கிடைக்கும்?
– மட்டக்குளி வாசகி

பதில்: புறக்கோட்டை 2ஆம் குறுக்குத் தெருவில் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிய பிறகு அந்தச் சனத்துக்குள் நின்று துணி பார்க்க முடியாது. சுருளின் கடைசியில் நிற்கும் துண்டு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்காமல் எடுத்துக் காட்டமாட்டார்கள். இன்னொரு இடம் மகரகமையில் பமுனுவ. புறக்கோட்டையிலிருந்து 138 பஸ் போகும். அங்கே துண்டு வாங்கும்போது விரித்துப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். நடுவில் எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, அச்சுப் பிசகு ஏதாவது இருக்கலாம். உங்கள் ஒழுங்கையில் தைப்பவர் இருந்தால் அவரிடமும் கேட்டுப் பாருங்கள். நான் என் கடையில் மிஞ்சியதை எல்லாம் பையில் கட்டி மூலையில்தான் வைத்திருந்தேன். கேட்டு வந்தவர்களுக்குச் சந்தோஷமாகக் கொடுத்தேன், இடம் காலியானால் போதும் என்று.

கேள்வி: என் மின்சார மெஷினில் மெல்லிய துணியைத் தைத்தால் தையல் சுருங்கிச் சுருங்கி நிற்கிறது. மெஷின் பழுதா? கை மெஷின் வாங்கட்டுமா?
– பம்பலப்பிட்டி வாசகி

பதில்: மெஷினைக் குறை சொல்லுமுன் ஊசியை மாற்றுங்கள். வொயிலுக்கு 11ஆம் நம்பர், பொப்லினுக்கும் கைத்தறிக்கும் 14. பலர் ஒரே ஊசியை உடையும்வரை வைத்திருக்கிறார்கள். முனை மழுங்கிய ஊசி துணியைக் குத்தாமல் இழுக்கும். மேல் நூலின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள், தையலின் நீளத்தையும் குறையுங்கள். அப்படியும் சுருங்கினால் துணிக்கு அடியில் மெல்லிய கடதாசி வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுங்கள்.

கை மெஷின் கிடைத்தால் வாங்குங்கள், ஆனால் இதற்காக அல்ல. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது எங்கள் தொடர்மாடியில் ஓடிய ஒரே மெஷின் என்னுடைய கறுப்புக் கை மெஷின்தான். மேல் வீட்டுப் பிள்ளை வந்து சக்கரத்தைச் சுற்றும், நான் துணியைப் பிடிப்பேன். ஃபேனும் இல்லாமல், பல்கனிக் கதவைத் திறந்துவைத்து, எட்டு வீட்டுச் சட்டைக்குத் தையல் போட்டோம்.

கேள்வி: மிச்சத் துணியில் ஒட்டுப்போட்டு உடுப்புத் தைத்தால் ‘இல்லாத வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்று மாமியார் சொல்கிறார். என்ன பதில் சொல்வது?
– கிருலப்பனை வாசகி

பதில்: மாமியாருக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், அது உங்கள் வீட்டு விஷயம். தையலுக்குச் சொல்கிறேன். இரண்டாவது துணியை ஒரே ஒரு இடத்தில் வைத்தால் அது ஒட்டு, காணாமல்போன துணிக்கு வைத்தது என்று தெரிந்துவிடும். அதையே மூன்று இடத்தில் வையுங்கள். அடிக்கரையில் ஒரு பட்டி, பொக்கெட்டின் வாயில் ஒரு கீற்று, தோளில் நாடா. பார்ப்பவர்கள் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பார்கள். மாமியார் கேட்டால் புறக்கோட்டை என்று சொல்லிவிடுங்கள். துணி அங்கேதானே வாங்கியது.