ஆப்டோஜெனெடிக்ஸால் பார்வை திரும்புமா?

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரைக் கண் நோயில் போன பார்வையை, மரபணு மூலம் செல்களை ஒளியுணர வைக்கும் ஆப்டோஜெனெடிக்ஸ் முறை மீட்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கு மீட்கும். இந்த நோயில் சாவது விழித்திரையின் ஒளியுணர் செல்கள். மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்லியான் செல்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகர நரம்பியல் விஞ்ஞானி போட்டொண்ட் ரோஸ்காவும் கண் மருத்துவர் ஜோசே-அலான் சாஹெலும் பிடித்துக்கொண்டது இதைத்தான். கேங்லியான் செல்களே ஒளியை உணரட்டும் என்று, பாசியில் கிடைத்த ஒளியுணர் புரதத்தின் மரபணுவை வைரஸில் ஏற்றி, 58 வயதுக்காரர் ஒருவரின் ஒரு கண்ணில் ஊசியாகப் போட்டார்கள்.

சாதாரண வெளிச்சம் அந்தப் புரதத்துக்குப் போதாது. அதனால் காட்சியை ஆம்பர் நிற ஒளியாக்கிக் கண்ணுக்குள் வீசும் கேமரா கண்ணாடியைப் போட்டு மாதக்கணக்கில் பழக வேண்டியிருந்தது. அப்புறம் மேசைமேல் இருந்த நோட்டுப் புத்தகத்தைத் தொட்டார், டம்ளர்களை எண்ணினார், சாலையில் ஜீப்ரா கிராஸிங் கோடுகளைக் கண்டார். 2021-இல் வெளியான முடிவு இது. முகம் பார்ப்பது, படிப்பதெல்லாம் இதில் வராது. கண்ணாடியைக் கழற்றினால் பொருள்களும் தெரியாது. ஆனால் எந்த மரபணு கெட்டது என்று தேடத் தேவையில்லாத முறை என்பதால் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.