ஐப்டேசியாவைத் தின்ன விட்ட இறால் பவளத்தைத் தின்கிறதே?

கேள்வி: என் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஐப்டேசியா என்ற தொல்லை தரும் கடல் அனிமோன் பெருகிவிட்டது. அதைத் தின்று தீர்க்கும் என்று நான்கு பெப்பர்மின்ட் இறால் வாங்கி விட்டேன். மூன்று வாரமாகியும் ஐப்டேசியா அப்படியே நிற்கிறது, சோவாந்தஸ் பவளங்கள்தான் குறைகின்றன. நேற்றுக் காலை ஓர் இறால் வெளுத்துச் செத்துக் கிடந்தது. மீன்கள் மேல் வெள்ளைப்புள்ளி நோயும் தெரிகிறது. காப்பர் (செம்பு) மருந்து விடலாமா ஐயா?

பதில்: வணக்கம். காப்பர் மருந்தை அந்தத் தொட்டியில் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். மீனைக் காப்பாற்றும் அதே அளவு இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும். போதாததற்கு, கல்லிலும் மணலிலும் காப்பர் படிந்துகொண்டு பிறகும் கசியும். மீன்களைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள். பெரிய தொட்டி குறைந்தது 6 வாரமாவது மீன் இல்லாமல் இருக்கட்டும். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காவிட்டால் வெள்ளைப்புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணி பிழைக்காது. இறால் அங்கேயே இருக்கலாம்.

அடுத்து, செத்த இறால். அதை எடுத்து எறியும் முன் மற்றவற்றை எண்ணினீர்களா? பெரும்பாலும் அது உரித்த சட்டையாகத்தான் இருக்கும். மீசை, கால், கண்மூடி எல்லாம் அப்படியே இருப்பதால் முழு இறால் போலவே தெரியும். கையில் எடுத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது, தலையும் உடலும் சேருமிடத்தில் பிளந்திருக்கும். செத்த இறாலாக இருந்தால் சதை பால்போல வெளுத்து, நாற்றம் அடிக்கும். சட்டை உரித்த இறால் புது ஓடு இறுகும்வரை ஓரிரு நாள் கல்லிடுக்கில் பதுங்கிவிடும். அப்போது தேடிக் கல்லைப் புரட்டாதீர்கள்.

சரி, பவளத்துக்கு வருவோம். உங்களிடம் இருப்பது பெப்பர்மின்ட் அல்ல, கேமல் இறால் என்றே சந்தேகப்படுகிறேன். இரண்டும் சிவப்புக் கோடு போட்டவை, விற்குமிடத்தில் அடிக்கடி மாறிப்போகும். இரவில் விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் காகிதம் கட்டிக்கொண்டு பாருங்கள். முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு முள்தான் அடையாளம். கேமலுக்கு அது கீல் வைத்தது போல மேலும் கீழும் அசையும். அதன் ரிங்கோசினெட்டிஸ் என்ற அறிவியல் பெயருக்கே அசையும் மூக்கு என்றுதான் பொருள். கண் பெரிது, முதுகு கூன், சிவப்புக்கு இடையே தெளிவான வெள்ளைக் கோடும் புள்ளியும் இருக்கும். பெப்பர்மின்டோ கண்ணாடி போன்ற உடலில் மெல்லிய சிவப்புக் கோடுகள் ஓடுவது. மூக்கு முள் அசையாது.

கேமல் என்று தெரிந்தால், ஒரு பாட்டிலில் இரை வைத்து இரவில் பிடித்துவிடுங்கள். அது கெட்ட இறால் என்று சொல்ல மாட்டேன். பவளம் இல்லாத, சாதுவான மீன்கள் உள்ள தொட்டியில் கூட்டமாக அழகாக வாழும். சோவாந்தஸ் உள்ள இடத்தில்தான் ஆகாது.

உண்மையான பெப்பர்மின்ட் விட்டாலும் இரையை அள்ளிப் போட்டால் அது ஐப்டேசியா பக்கம் திரும்பாது. சின்னவற்றைத் தின்னும், பெரியவற்றை விட்டுவிடவும் செய்யும்.

புது இறாலைக் கொட்டிவிடும் அவசரத்தில்தான் பல இறால் சாகிறது. உப்பு அளவு திடீரென மாறினால் மீன் ஓரளவு தாங்கும், இறால் தாங்காது. மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டாகத் தொட்டி நீரை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இறக்குங்கள். உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 24 முதல் 27 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம். ஒழுங்காக நீர் மாற்றினால் அயோடின் தனியாக விட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

அப்புறம், குணமான மீன்களைத் திருப்பி விடும்போது ஹாக்ஃபிஷ், பெரிய ராஸ் இருந்தால் அவற்றை இந்தத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். சட்டை உரித்த இரவில் மெத்தென்று கிடக்கும் இறாலை அவை விட்டுவைக்காது.