கையகலத் தீவுக்குள் இத்தனை காலநிலை எப்படி?

கேள்வி: ஒரே நாட்டுக்குள் பகுதிக்குப் பகுதி காலநிலை மாறுவதற்குப் புவியியல் காரணங்கள் என்ன? ஜூலை மாதம் இலங்கையில் ஒரு பக்கம் அடைமழை, இன்னொரு பக்கம் வறட்சி என்கிறார்களே, அந்த நேரத்தில் சுற்றிப்பார்க்கப் போகலாமா?

அகலாங்கு, உயரம், கடலிலிருந்து உள்ள தூரம், காற்று, மலை, கடல் நீரோட்டம் என்று பாடப்புத்தகத்தில் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியல் சரிதான். ஆனால் எது எவ்வளவு வேலை செய்கிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். இலங்கைக்கு வந்தால் அதில் பாதியை ஓரமாக வைத்துவிடலாம்.

முதலில் அகலாங்கு. முழு நாடும் வடக்கே 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. வடமுனையில் உள்ள பருத்தித்துறை வெயிலுக்கும் தெற்கே உள்ள மாத்தறை வெயிலுக்கும் அதனால் பெரிய வித்தியாசம் வராது. கடல் தூரமும் அப்படித்தான். கொழும்பு, மன்னார், அம்பாந்தோட்டை மூன்றுமே கடற்கரை ஊர்கள். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மற்ற இரண்டிலும் 1,000 மில்லிமீட்டர் அளவுதான். அப்படியானால் விடை வேறிடத்தில் இருக்கிறது: தீவின் நடுவே, சற்றுத் தெற்கே தள்ளி நிற்கும் மலைத்திணிவும், ஆண்டுக்கு இரண்டு முறை திசை மாறும் காற்றும்.

நான் மலையின் கிழக்குச் சரிவில், ஊவாப் பக்கம், பண்டாரவளையில் வளர்ந்தவன். அத்தை வீடு மேற்குச் சரிவில், ஹட்டனில். ஜூலையில் அத்தை போன் எடுத்தால் முதல் வார்த்தையே, “இங்க வெயில் மூஞ்சியே காணோம், உங்க பக்கம் எப்படிடா?” என்றுதான் வரும். எங்கள் பக்கம் அப்போது மண் புழுதியாகக் கிடக்கும். இரண்டு ஊருக்கும் நடுவில் ரயில் பாதை பட்டிப்பொல நிலையத்தில் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்துக்கு ஏறி, ஒரு சுரங்கத்தைத் தாண்டி ஓஹியப் பக்கம் இறங்குகிறது. பருவக்காற்றுக் காலத்தில் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில் என்பது அந்த வழியில் போய்வரும் எல்லோருக்கும் தெரியும்.

நடப்பது இதுதான். மே முதல் செப்டம்பர் வரை இந்தியப் பெருங்கடலின் ஈரத்தைச் சுமந்து தென்மேற்குக் காற்று வருகிறது. மேற்குச் சரிவில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரையும் தாண்டுவதற்குக் காரணம் இந்த மோதல்தான். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்கடுத்த கட்டம்தான் முக்கியமாகப் படுகிறது. நீராவி மழையாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அதனால் ஏறும் காற்று 1,000 மீட்டருக்குச் சுமார் 5 அல்லது 6 பாகைதான் குளிர்கிறது. ஈரத்தை இழந்து மறுபக்கம் இறங்கும்போதோ 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 பாகை சூடாகிறது. ஆக, அது வெறும் வறண்ட காற்றாக இல்லாமல் சூடான காற்றாகவும் கிழக்கே போய்ச் சேர்கிறது. மட்டக்களப்பில் அந்த மாதங்களில் முகத்தில் அறையும் கச்சான் காற்று இதுதான்.

டிசம்பரில் எல்லாம் தலைகீழ். வடகீழ்ப் பருவக்காற்று கிழக்குச் சரிவை நனைக்கிறது, மேற்குச் சரிவு காய்கிறது. தேயிலையில் இதை நேரடியாகவே பார்க்கலாம். உலர்ந்த காற்றில் கொழுந்து மெதுவாக வளரும், வாசம் கூடும். ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் பருவம் ஜூலை முதல் செப்டம்பர் வரை. மலைக்கு அந்தப் பக்கம் டிம்புளைத் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. ஒரே மலை, ஒரே செடி, பருவம் மட்டும் நேரெதிர்.

உயரத்தின் பங்கைச் சுருக்கமாகச் சொல்லலாம். கரையோரத்தில் ஆண்டுச் சராசரி 27 பாகை, நுவரெலியாவில் 16 பாகை. ஜனவரி விடியற்காலையில் அங்கே புல்லில் உறைபனியும் விழும்.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. அங்கே சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பலமாகத்தான் வீசும், ஆனால் அதை மேலே தூக்கிவிட ஒரு குன்றுகூட இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்களால் கிடைக்கிறது. அதே கடல்தான் 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியையும் அனுப்பியது. ஆறு இல்லாத சுண்ணாம்புக்கல் மண்ணில் அந்த மூன்று மாத மழைதான் ஆண்டு முழுவதற்கும் கிணற்று நீர்.

நாட்டிலேயே வறண்ட பகுதிகள் எவை என்று அறிய மழை அட்டவணை தேவையில்லை, உப்பளங்களைப் பார்த்தாலே போதும்: ஆனையிறவு, மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை. அம்பாந்தோட்டையில் தென்மேற்குக் காற்று கரைக்கு ஏறக்குறைய இணையாகவே ஓடிவிடுகிறது, மோதுவதற்கு அருகில் மலையும் இல்லை. தூத்துக்குடியில் உப்பு விளைவதற்கும் இதே காற்றுக்கும் தொடர்புண்டு. அங்கே மேற்குத் தொடர்ச்சி மலை மழையை வாங்கிக்கொள்கிறது. பழைய அரசர்கள் வடமத்தியில் ஏன் அத்தனை குளங்களை வெட்டினார்கள் என்பதும் மழை பெய்யும் இந்த விதத்தைப் பார்த்தால் விளங்கும். ஈரமான மேற்கு மலையில் பிறந்து திருகோணமலையில் கடலைச் சேரும் மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடி அந்த நீரை வறண்ட பக்கம் கொண்டுவருகிறது.

உங்கள் பயணத்துக்கு வருகிறேன். ஜூலையில் தாராளமாக வாருங்கள், ஆனால் காலி, பெந்தோட்டைப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும், இறங்க வேண்டாம். திருகோணமலை, பாசிக்குடாவுக்குப் போங்கள், அங்கே கடல் அமைதியாக இருக்கும். மலைக்கு என்றால் எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை. நுவரெலியாவைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால் பெப்ரவரி, மார்ச்சுக்குத் தள்ளிவையுங்கள். அக்டோபர், நவம்பரில் மட்டும் எந்தப் பக்கம் போனாலும் மத்தியானத்துக்கு மேல் இடிமழைக்கு வாய்ப்புண்டு.