சாய்ந்து ஓட்டும் சைக்கிளில் பின் வீலைச் சின்னதாக்கலாமா?

கேள்வி: என் ரிகம்பன்ட் சைக்கிளில் (சீட்டில் பின்னால் சாய்ந்து, காலை முன்னே நீட்டி ஓட்டும் வண்டி) முன்னால் 20, பின்னால் 26 அங்குல வீல். ஏற்காடு ஏற்றத்தில் முன்னால் 30 பல், பின்னால் 34 பல் கியரும் பற்றவில்லை. பின்னாலும் 20 போடலாமா? (அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: கியர் இறங்கும், சந்தேகமில்லை. 40 மி.மீ. டயரோடு 26 அங்குல வீல் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2 மீட்டர் உருளும். 20 அங்குலம் ஒன்றரை மீட்டர்தான். பெடல் ஒரு சுற்றுக்கு இப்போது 1.77 மீட்டர் போகிற வண்டி 1.35 மீட்டர் போகும். எழுந்து நின்று மிதிக்க வழியில்லாத வண்டிக்கு இது நல்ல லாபம்.

வம்பு ஹேண்டிலில் வரும். பின் அச்சு 76 மி.மீ. கீழே இறங்குகிறது. இரண்டு அச்சுக்கும் இடையே 1,050 மி.மீ. என்றால் ஃப்ரேம் மொத்தமும் 4 டிகிரி பின்னால் சாயும். 70 டிகிரியில் நிற்கும் ஹெட் ட்யூப் (ஹேண்டில் தண்டு நுழையும் ஃப்ரேம் குழாய்) 66 ஆகும். ஹெட் ட்யூபின் நேர்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில். முன் வீலைப் பிடிக்கும் ஃபோர்க், அச்சை அந்த நேர்கோட்டுக்கு 40 மி.மீ. முன்னே தள்ளி வைத்திருக்கும் வண்டியில் ட்ரெயில் 46 மி.மீ.யிலிருந்து 64 ஆகிவிடும். சமதரையில் 25 கி.மீ. வேகத்தில் போனால் வண்டி கோடு பிடித்த மாதிரி ஓடும். பலர் அதோடு திருப்தியாகி விடுகிறார்கள். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஏற ஆரம்பித்ததும், 5 கி.மீ. வேகத்தில், முன் வீல் தானாக ஒரு பக்கம் விழும். இழுத்து நிமிர்த்தினால் மறுபக்கம் விழும். கொண்டை ஊசி வளைவில் பின்னால் பஸ் நிற்கும்போது இது விளையாட்டல்ல.

சீட்டும் அதே 4 டிகிரி சாயும், பெடல் உயரும், கால்விரல் மரத்துப்போகலாம். ரிம் ப்ரேக் கட்டை புது ரிம்மை எட்டாது. டிஸ்க் இருந்தால் மட்டும் பிழைத்தீர்கள்.

வீலை விட்டுவிடுங்கள். முன்னால் 24 பல், பின்னால் 36 பல் போட்டால் 26 அங்குலத்திலேயே பெடல் ஒரு சுற்றுக்கு 1.34 மீட்டர் கிடைக்கும். முன்னால் உள்ள உள் பல்சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளின் வட்டம் 74 மி.மீ. விட்டம் என்றால் 24 பல் அதிலேயே உட்காரும். செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் பின் டிரெய்லியர் 36 பல்லைத் தாங்குமா என்று மட்டும் முதலில் பாருங்கள். முன்னால் 24ஐயும் பின்னால் சின்னப் பல்சக்கரமான 11ஐயும் சேர்த்துப் போடாதீர்கள், செயின் தொங்கிவிடும்.

கேள்வி: 20 அங்குலம் என்று கேட்டு வாங்கிய டயர் ரிம்மில் ஏறவில்லையே? (சூரமங்கலம் வாசகர்)

பதில்: 20 அங்குலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவு உண்டு. சிறுவர் சைக்கிளுக்கு வரும் 20 x 1.75 டயர் 406 மி.மீ. ரிம்முக்கானது, 20 x 1 3/8 டயர் 451 மி.மீ. ரிம்முக்கானது. டயரின் பக்கவாட்டில் 47-406, 37-451 என்று பொறித்திருக்கும். கடைக்காரரிடம் இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: சின்ன முன் வீலில் ரிம் ப்ரேக்கோடு ஏற்காட்டிலிருந்து இறங்கலாமா? (அம்மாபேட்டை வாசகர்)

பதில்: இறங்கலாம், ஆனால் பிடித்துக்கொண்டே இறங்கக்கூடாது. சின்ன ரிம்மில் உலோகம் குறைவு, சீக்கிரம் சுடும். சூட்டில் காற்றழுத்தம் ஏறி ட்யூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விடுங்கள். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி, ரிம் ஆறிய பிறகு கிளம்புங்கள்.