கிளாரினெட்டில் ‘17 கீ, 6 வளையம்’: எதை எண்ணுகிறார்கள்?

கிளாரினெட் என்ற ஊதுகருவியில், விரலுக்கு எட்டாத, அல்லது விரலால் நேரே மூட முடியாத துளையை இயக்கும் நெம்புகோல்தான் கீ. இன்று பரவலாக உள்ள ‘போம்’ (Boehm) என்ற கீ அமைப்பு முறைக் கிளாரினெட்டில் விரல் அழுத்தும் தகடுகளை எண்ணினால் 17 வரும். துளையைச் சுற்றியுள்ள வளையங்கள் தனிக் கணக்கு.

தகடுகளை விட்டு, துளையை அடைக்கும் மூடிகளை எண்ணினால் கணக்கு இடிக்கும். இடது சுண்டுவிரலுக்கான தகடுகளில் மூன்று, வலது சுண்டுவிரல் இயக்கும் அதே மூடிகளைத்தான் அசைக்கின்றன. மாடிப்படி விளக்குக்கு மேலே ஒரு சுவிட்ச், கீழே ஒரு சுவிட்ச் இருப்பதுபோல: பல்பு ஒன்று, சுவிட்ச் இரண்டு. ஒரே சுண்டுவிரல் தகட்டுக்குத் தகடு வழுக்கி ஓடாமல், இரு கைகளும் மாறிமாறி வாசிக்கவே இந்த ஏற்பாடு.

1812-இல் கிளாரினெட் கலைஞர் இவான் முல்லர் காட்டிய கருவிக்கு 13 கீ. ஓலர் என்ற ஜெர்மானிய கீ அமைப்பு முறையில் 20-ஐயும் தாண்டும். கீ கூடினால் ஸ்வரங்களும் கூடும் என்பது தவறு. பெரும்பாலும் கூடுவது சுருதிச் சுத்தமும் விரலோட்டமும்தான்.