திருப்பிக் கட்டச் சொல்லும் கடிதம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேலை போனபோது வாங்கிய அன்எம்ப்ளாய்மென்ட் தொகையில் 11 வாரத்துப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி மாநில அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அப்போது பார்த்த பகுதிநேர வேலையின் சம்பளத்தை வாராவாரம் சொல்லித்தான் வந்தேன். என்ன செய்யட்டும்?
— வாசகி, மிச்சிகன்

பதில்: முதலில் கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். முடிவை எதிர்த்து முறையீடு செய்வதற்கான கெடு அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். கடிதம் உங்கள் கைக்கு வந்த நாள் கணக்கில் வராது. மிச்சிகனிலும் கலிஃபோர்னியாவிலும் 30 நாள், டெக்சாஸில் 14 நாள்தான். போனில் விளக்கிச் சொல்லிவிட்டு முறையீடு செய்துவிட்டதாக நினைத்துக் கெடுவைத் தவறவிட்டவர்கள் நிறைய. எழுத்தில் அனுப்பி, அனுப்பியதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, வந்தது ஒரே முடிவா என்று பாருங்கள். 'தகுதி இல்லை' என்பது ஒன்று, 'இவ்வளவு கட்ட வேண்டும்' என்பது இன்னொன்று, சில சமயம் 'மோசடி' என்பது மூன்றாவது. தொகையை மட்டும் எதிர்த்துவிட்டு மற்றதை விட்டுவிட்டால், விட்டது உறுதியாகிவிடும். எல்லாவற்றையும் பெயர் சொல்லி எதிர்த்து எழுதுங்கள்.

உங்கள் சிக்கலின் வேர் பெரும்பாலும் இதுதான்: முதலாளி சம்பளத்தைக் காலாண்டு மொத்தமாக மாநிலத்துக்குத் தெரிவிக்கிறார். அதை அலுவலகம் 13 வாரத்துக்குச் சமமாகப் பிரித்தால், நீங்கள் வேலையே செய்யாத வாரத்திலும் வருமானம் முளைக்கும். மிச்சிகனில் 2013 அக்டோபரிலிருந்து 2015 வரை கணினி தானாகவே மோசடி என்று முடிவு கட்டிய 22,427 வழக்குகளை மறுபடி பார்த்தபோது 93 சதவீதம் தவறு என்று தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கில் அரசு 2022-ல் 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது.

ஆகவே வாரவாரியாக ஒரு தாள் தயாரியுங்கள்: வேலை செய்த மணி, மணிக்கூலி, பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம், நீங்கள் தெரிவித்த தொகை. பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) சம்பளம் வந்த தேதியை விட்டுவிட்டு, எந்த நாள்களின் உழைப்புக்கு வந்தது என்பதைப் பாருங்கள். 20 மணி, மணிக்கு 15 டாலர் என்றால் 300 டாலர் சொல்லியிருக்க வேண்டும். கைக்கு வந்த 255-ஐச் சொல்லியிருந்தால் கடனில் ஒரு சிறு பகுதி நியாயமானதுதான். அதை ஒப்புக்கொண்டு மீதியை எதிர்ப்பதே புத்திசாலித்தனம். நீதிபதி உங்கள் மற்ற கணக்கையும் நம்புவார்.

விசாரணை பெரும்பாலும் போனில்தான் நடக்கும். தாள்களை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், அழைப்பைத் தவறவிடாதீர்கள். இன்னும் வேலை கிடைக்கவில்லை என்றால் வாராந்திர சான்றளிப்பையும் (தொகைக்குத் தகுதியோடு இருப்பதாக வாராவாரம் அலுவலகத்துக்குத் தெரிவிப்பதையும்) நிறுத்தக் கூடாது. ஜெயித்தாலும் சான்றளிக்காத வாரத்துக்குப் பணம் வராது.

கேள்வி: தவறு அலுவலகத்துடையது. ஆனால் பணம் வந்தது உண்மை, செலவும் ஆகிவிட்டது. தப்ப வழி உண்டா?
— வாசகர், கலிஃபோர்னியா

பதில்: 'வேவர்' கேளுங்கள். முறையீடு, 'இந்தக் கடனே இல்லை' என்பது. வேவர், 'கடன் இருந்தாலும் வசூலிக்காதீர்கள்' என்பது. இரண்டையும் கேட்கலாம். உங்கள் தவறு இல்லை என்பதோடு, கட்டினால் குடும்பம் திண்டாடும் என்பதையும் காட்ட வேண்டும்: வருமானம், வாடகை, மருந்துச் செலவு எல்லாம் ஆதாரத்தோடு. 'மோசடி' என்ற முத்திரை இருந்தால் இந்தக் கதவு மூடிவிடும். மேலே குறைந்தது 15 சதவீத அபராதமும் சேரும், கலிஃபோர்னியாவில் 30. ஃபெடரல் டாக்ஸ் ரீஃபண்டையும் பிடித்துக்கொள்ளலாம். எனவே முதல் சண்டை அந்த முத்திரையோடுதான். தவணையில் கட்டும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன் கடனை ஒப்புக்கொள்ளும் வரி அதில் இருக்கிறதா என்று படியுங்கள்.

கேள்வி: நான் விண்ணப்பிக்கவே இல்லை. அன்எம்ப்ளாய்மென்ட் தொகை வாங்கியதாக வரிக்கணக்குக்காக அனுப்பப்படும் 1099-ஜி படிவம் மட்டும் வந்திருக்கிறது.
— வாசகர், டெக்சாஸ்

பதில்: உங்கள் அடையாளத்தை யாரோ திருடியிருக்கிறார்கள். படிவம் அனுப்பிய மாநிலத்திடம் உடனே புகார் செய்து, திருத்திய 1099-ஜி கேளுங்கள். அது வரும்வரை வரிக்கணக்கைத் தள்ளிப்போட வேண்டாம். வாங்காத பணத்தை வருமானமாகக் காட்டவும் வேண்டாம். உங்கள் பெயரில் எந்தக் கடனும் இல்லை என்பதையும் எழுத்திலேயே வாங்கிவிடுங்கள்.